கட்டுவோரும் அவிழ்ப்போரும்

அரபு மொழியில் ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல் ‘அக்து’. அதன் வேர்ப்பொருள் முடிச்சு. கயிற்றில் போடும் முடிச்சுக்கும், நிக்காஹ் மேடையில் நிகழும் உடன்படிக்கைக்கும், கடைத்தெருவின் கொடுக்கல் வாங்கலுக்கும் வேர் ஒன்றே. முடிச்சை அவிழ்ப்பதற்கு ‘ஹல்லு’ என்று பெயர். நாட்டின் பெருங்காரியங்களை முடிவு செய்யும் தகுதி வாய்ந்தோரை முன்னோர் ‘அஹ்லுல் ஹல்லி வல் அக்து’ என்று அழைத்தனர். அவிழ்க்கவும் கட்டவும் வல்லோர் என்பது அதன் பொருள். கட்டுவதற்கு முன்பாக அவிழ்ப்பதை வைத்த அந்தச் சொல்லமைப்பை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் ஒன்றை நான் வற்புறுத்துவதுண்டு. ஒருவருடைய வலிமையை அறிய வேண்டுமானால், அவர் எத்தனை முடிச்சுகளைப் போட்டார் என்று எண்ண வேண்டாம். வேண்டாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வெளியேற அவரால் இயலுமா என்று பாருங்கள்.

இவ்வுண்மையை அண்மைக் காலத்தில் எனக்குத் தெளிவாக விளக்கிக் காட்டியது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய வரலாறு. அந்த நாடு 1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அக்கூட்டமைப்பில் சேர்ந்தது. அந்நாளில் நம் பத்திரிகைகள் அதை ‘ஐரோப்பியப் பொதுச் சந்தை’ என்றே எழுதின. 1975-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இருவர் அதில் நீடிக்கலாம் என்றனர். 2016 ஜூன் 23-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பிலோ நூற்றுக்கு 51.9 பேர் விலகலாம் என்றனர். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் விலகியது. இடைக்கால ஏற்பாடுகளும் அவ்வாண்டின் இறுதி நாளோடு முடிவுற்றன. 47 ஆண்டுகளாக இறுகியிருந்த முடிச்சை ஒரு நாடு தன் விருப்பப்படி அவிழ்த்துக்கொண்டது. அப்படி அவிழ்க்கையில், அதே கயிற்றில் கட்டுண்டிருந்த தொழிலாளியின் உரிமைகள் என்னவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாணிபத்துக்கென்று ஏற்பட்ட கூட்டமைப்பில் கூலிக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அவனுடைய உரிமை அங்கே வாணிபத்தின் வாசல் வழியாகவேதான் நுழைந்தது. 1957-இல் ரோமாபுரியில் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற விதி 119-ஆவது பிரிவாக இடம் பெற்றது. அதற்கு வற்புறுத்திய நாடு பிரான்சு. பெண்களுக்குச் சம ஊதியம் அளிக்கும் சட்டம் அங்கே முன்னரே இருந்தது. அத்தகைய சட்டமில்லாத அண்டை நாடுகள் குறைந்த கூலிக்கு ஆள் வைத்துத் தன் சரக்கைச் சந்தையில் வீழ்த்திவிடும் என்று அது அஞ்சியது. தராசின் நேர்மைக்காக எழுதப்பட்ட அந்த விதியை ஒரு பெல்ஜிய விமானப் பணிப்பெண் கையிலெடுத்தார். கேப்ரியல் தெஃப்ரென் என்னும் அவர் தொடுத்த வழக்கில், அவ்விதியைச் சாதாரணக் குடிமகளும் தன் நாட்டு நீதிமன்றத்தில் நேரே எடுத்துரைக்கலாம் என்று லக்ஸம்பர்க்கில் அமர்ந்த ஐரோப்பிய நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. அரசர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட ஓலையை ஏழை ஒருத்தி வாசித்துத் தன் பங்கைக் கேட்டாள் என்று இதைச் சொல்லலாம்.

பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் தொடக்கத்தில் இதை நம்பவில்லை. 1975-இல் அவற்றின் பேரவை பொதுச் சந்தையை எதிர்த்தே நின்றது. முதலாளிகளின் மன்றம் என்பது அவர்களுடைய ஐயம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவர்கள் மனம் மாறினர். 1988 செப்டம்பரில் பார்ன்மவுத் நகரில் நடந்த பேரவை மாநாட்டில், ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் ஜாக் தெலோர் உரையாற்றினார். சந்தை ஒன்றாவதோடு உழைப்போரின் காப்பும் ஒன்றாக வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். உள்நாட்டில் தாட்சர் அம்மையாரின் ஆட்சியில் தோல்வி மேல் தோல்வி கண்டிருந்த சங்கத்தார்க்கு அது வெளியூரிலிருந்து வந்த உறவினரின் ஆறுதல் போலிருந்தது. அம்மையாரோ அதே மாதத்தில் புரூஜ் நகருக்குச் சென்று, உள்நாட்டில் தாம் சுருக்கிய அரசாங்கத்தை ஐரோப்பா வழியே மீண்டும் விரிய விட முடியாது என்ற கருத்தில் பேசினார். பின்னாளில் எழுந்த விலகல் வாதம் முழுவதற்கும் அப்பேச்சே வித்து என்று கூறுவோர் பலர்.

கூட்டமைப்பால் கிடைத்தவை எவை? இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, பகுதிநேர வேலை செய்த பெண்களின் வழக்கு. முறையற்ற பணிநீக்கத்தை எதிர்த்து முறையிட, வாரத்துக்கு 16 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தோர்க்கு 2 ஆண்டுப் பணி போதுமென்று பிரிட்டிஷ் சட்டம் வகுத்திருந்தது. 8 முதல் 16 மணி நேரம் உழைத்தோரோ 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அலுவலகங்களைத் துடைத்தும் பள்ளிக்கூடங்களில் உணவு பரிமாறியும், அந்நேரம் போக வீட்டில் பிள்ளைகளைப் பார்த்தும் வந்த பெண்களே இவர்களில் மிகப் பெரும்பாலோர். சட்டத்தின் வாசகத்தில் ‘பெண்’ என்ற சொல்லே இல்லை. ஆயினும் அதன் அடி விழுந்தது பெண்கள் மீதுதான். 1994 மார்ச்சில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐரோப்பியச் சட்டத்தை உரைகல்லாக வைத்து, இந்த வேறுபாடு செல்லாது என்றனர். உள்நாட்டுச் சட்டத்தை மட்டுமே உரைகல்லாகக் கொண்டிருந்தால் அத்தீர்ப்புக்கு வழியில்லை.

இரண்டாவது, ஓய்வின் வழக்கு. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஒரு நாளில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும், ஆண்டுக்கு 4 வாரம் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்ற ஐரோப்பிய நெறியை பிரிட்டிஷ் அரசு எதிர்த்து வழக்காடியது. 1996 நவம்பரில் தோற்றது. ஆட்சி மாறிய பிறகு, 1998-இல் அந்நெறி அங்கே சட்டமாயிற்று. ஒருவர் எழுதிக் கொடுத்தால் 48 மணி வரம்பை விட்டுக்கொடுக்கலாம் என்ற விலக்கு அதிலும் இருந்தது. எனினும், சம்பளத்தோடு விடுமுறை என்பது பிரிட்டனில் எல்லாத் தொழிலாளருக்கும் உரிய சட்ட உரிமையானது அப்போதுதான். தொழிற்புரட்சியின் தொட்டிலென்று பெயர் பெற்ற நாடு அது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அச்சட்டத்திலும் 13 வாரம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகே விடுமுறை சேரும் என்று ஒரு தடை செருகப்பட்டது. படப்பிடிப்புத் தொழிலில் சில வார ஒப்பந்தங்களில் உழைத்தோரின் சங்கம் அதை எதிர்த்தது. ஓய்வுக்கு முன்நிபந்தனை விதிக்கலாகாது என்று 2001-இல் லக்ஸம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் நாள் வேலையிலேயே ஓய்வின் உரிமை தொடங்கிவிடுகிறது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

நடுநிலை பிறழாமல் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிரிட்டன் 1998-இல் தானே இயற்றியது. ஐரோப்பா கேட்டது 4 வார விடுமுறை. பிரிட்டன் பின்னர் தருவதோ 5.6 வாரம். மகப்பேற்று விடுப்பும் ஐரோப்பா விதித்த 14 வாரத்தைத் தாண்டி அங்கே 52 வாரம் வரை உண்டு. ஐரோப்பிய நீதிமன்றமும் எப்போதும் உழைப்பாளியின் பக்கம் நின்றதில்லை. சுவீடனில் பள்ளிக்கூடம் கட்ட வந்த லாட்வியத் தொழிலாளருக்கு உள்ளூர்க் கூலி வேண்டுமென்று சங்கத்தார் நடத்திய முற்றுகையை, 2007-இல் சந்தைச் சுதந்திரத்தின் பெயரால் அது கண்டித்தது. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் திரளாக வந்து வயல் வேலைகளை மேற்கொண்ட பாஸ்டன் என்னும் லிங்கன்ஷயர் சிற்றூரில், 2016-இல் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விலகலுக்கே வாக்களித்தனர். அவர்களெல்லாம் அந்நியரை வெறுப்போர் என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது அறிஞர்க்கு அழகன்று. தம் கூலியும் குடியிருப்பும் தம்மைக் கேளாமல் மாறிவிட்டன என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. கட்டிய முடிச்சில் தமக்குக் கையில்லை என்று எண்ணுவோர், அதை அவிழ்க்கும் வாய்ப்பு வந்தால் விடுவார்களா?

விலகிய மறுநாள் காலையில் எந்த உரிமையும் காணாமற் போய்விடவில்லை. அதுவரை இருந்த ஐரோப்பியச் சட்டங்களை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படியே உள்நாட்டுச் சட்டமாகப் படியெடுத்து வைத்தது. அப்படியாயின் இழப்பு என்ன? எழுத்து நின்றது, அதற்குச் சாட்சியாக நின்றவர் போய்விட்டார். மூன்றாமவர் முன்னிலையில் எழுதிய கடன் பத்திரத்துக்கும், கடன் வாங்கியவர் தம் கணக்குப் புத்தகத்தில் தாமே எழுதி, தாமே அடிக்கக்கூடிய பற்றுக்கும் உள்ள வேறுபாடு இது.

அடிக்கும் எண்ணம் எழாமலும் இல்லை. 2021 ஜனவரியில், விலகல் முழுமையாகி மூன்று வாரம் கழியுமுன்னே, தொழிலாளர் உரிமைகளை மறுபரிசீலனை செய்வதாக அமைச்சர் ஒப்புக்கொண்டார். எதிர்ப்புக் கிளம்பவே அம்மாத இறுதிக்குள் அது கைவிடப்பட்டது. 2022-இல் வந்த ஒரு மசோதா, தனியே காப்பாற்றப்படாத ஐரோப்பியச் சட்டங்கள் யாவும் 2023 இறுதியில் தாமே காலாவதியாகும் என்றது. அதுவும் 2023 மே மாதத்தில் சுருக்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு நிறைவேறிய சட்டம், ஐரோப்பியச் சட்டத்துக்கு உள்நாட்டுச் சட்டத்தின் மேலிருந்த முதன்மையை நீக்கியது. 1994-இல் அந்தப் பெண்கள் பற்றிய உரைகல் அதோடு உடைந்தது. பிற்பாடு ஆட்சி மாறியதும் காற்று எதிர்த்திசையில் வீசிற்று. தொழிலாளர் உரிமைகளை விரிவாக்கும் பெருஞ்சட்டம் ஒன்று 2025-இல் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் ஒரு பாராளுமன்றம் தந்ததை மறு பாராளுமன்றம் எடுக்கலாம். உடன்படிக்கையாக இருந்தது இப்போது ஆள்வோரின் மனப்பாங்கில் நிற்கிறது.

புதிய வணிக உடன்படிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். 2020 டிசம்பர் 24-இல் முடிவான அதில், தொழிலாளர் காப்பைக் குறைக்கலாகாது என்ற வாசகம் உண்டு. ஆனால் அக்குறைப்பு வணிகத்தையோ முதலீட்டையோ பாதித்தால்தான் அதைக் கேள்வி கேட்கலாம். கேட்கவும் அரசுகளால்தான் இயலும். தெஃப்ரென் அம்மையாரைப் போல ஒரு பணிப்பெண் அந்த ஓலையைக் கையிலேந்தி நீதிமன்றப் படியேற முடியாது.

இதுவரை சொன்னது பிரிட்டனில் இருந்த தொழிலாளியின் கதை. விலகலால் அங்கே புதிதாக வந்து சேர்ந்த தொழிலாளியின் கதை வேறு. அதில்தான் நம் குடும்பங்களுக்குப் பங்குண்டு.

கூட்டமைப்புக்குள் இருந்தவரை போலந்து நாட்டவரோ ருமேனியரோ பிரிட்டனில் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அன்று மாலையே விலகி அடுத்த தெருவில் வேறு வேலை தேடலாம். அவர்கள் அங்கே தங்கும் உரிமை எந்த முதலாளியின் சட்டைப் பையிலும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தப் போக்குவரத்து உரிமை முடிந்தது. முன்னரே குடியேறியிருந்தோர்க்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. முதியோரைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஆளின்றி விடுதிகள் தவித்தன. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளருக்கு விசா வழி திறக்கப்பட்டது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே முதலிய நாடுகளிலிருந்து மக்கள் சென்றனர். இவர்களுக்கு ஸ்பான்ஸர் வேண்டும். அந்த முதலாளியின் உரிமம் பறிபோனாலோ, அவர் வேலையை விட்டு நீக்கினாலோ, வேறொரு ஸ்பான்ஸரைத் தேடிக்கொள்ள வழக்கமாகத் தரப்படும் தவணை 60 நாள்.

‘ஸ்பான்ஸர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் விளக்கம் தேவைப்படாது. ‘கஃபீல்’ என்ற அரபுச் சொல் நம் பெண்கள் சமையற்கட்டிலும் புழங்கும் சொல்லாகிப் பல்லாண்டுகள் ஆயின. ஃபிக்ஹு நூல்களில் கஃபீல் என்பவர் பிணையாளி. பிறருடைய கடனைத் தம் தலைமேல் ஏற்பவர். அங்கே சுமை கஃபீலின் கழுத்தில் இருக்கிறது. வளைகுடா வழக்கிலோ சொல் தலைகீழாயிற்று. கயிற்றின் நுனி கஃபீலின் கையிலும், சுருக்கு தொழிலாளியின் கழுத்திலும் வந்து சேர்ந்தன. தமிழிலும் ‘பிணை’ என்பது உறுதிமொழியையும் குறிக்கும், கட்டுவதையும் குறிக்கும். நம் மொழிக்கு இந்த ஆபத்து முன்னரே தெரிந்திருக்கிறது.

அரபு படித்தவன் என்ற காரணத்தால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எங்களூர் மக்கள் வளைகுடா ஒப்பந்தங்களை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வது வழக்கம். சம்பளத்தையும் தங்குமிடத்தையும்தான் முதலில் கேட்பார்கள். 2023-இல் ஒரு தாய் கொண்டுவந்தது ஆங்கிலத் தாள். என்னிடம் இளமையில் ஓதிய அவர் மகன் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்புக்குப் போகிறான். தரகருக்கு 15 லட்சம் ரூபாய். நகையும் போயிற்று, தோப்பில் பாதியும் போயிற்று. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்துச் சொன்னேன். வாரத்துக்கு 39 மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. “லண்டன் சீமையாச்சே ஹஜ்ரத், அங்கே சட்டமெல்லாம் சரியா இருக்கும்ல?” என்று அந்த அம்மா கேட்டார். சட்டம் சரியாகவே இருந்தது.

போன பிறகு வாரத்துக்கு 15 மணி நேர வேலைகூடக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு அந்த விடுதி நடத்தியவரின் உரிமத்தை அரசு பறித்தது. 60 நாள் தவணைக் கடிதம் வந்தது. 52-ஆம் நாள் வேறோர் ஊரில் வேறொரு விடுதி கிடைத்தது. அந்த வாரம் அவன் தொலைபேசியில் பேசினான். முந்திய விடுதியில் சேர்ந்திருந்த விடுமுறைச் சம்பளத்தைக் கேட்டாயா என்றேன். “கேக்கலாம் ஹஜ்ரத். கேஸ் போடுறவன்னு பேர் வந்துட்டா அடுத்த ஸ்பான்ஸர் எங்கே கிடைப்பான்?” என்றான்.

லக்ஸம்பர்க் நீதிமன்றம் முதல் நாளிலிருந்தே உண்டு என்று நிலைநாட்டிய அதே விடுமுறை உரிமைதான் அது. விசாவில் வந்தவர்க்கும் அது உண்டு. எந்தச் சட்டமும் அதை அவனிடமிருந்து பறிக்கவில்லை. கேட்கும் நாக்கு மட்டும் கட்டப்பட்டிருந்தது.

அவன் தனியொருவன் அல்லன். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470-க்கும் மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டன. அவற்றின் கீழிருந்த தொழிலாளர் 39,000-க்கும் மேல் என்று அந்த அரசே தெரிவித்தது. இல்லாத ஒரு விடுதியின் பேரில் 275 ஸ்பான்ஸர் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்ததை, 2024 மார்ச்சில் வெளியான தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது. தவறு செய்த முதலாளி உரிமத்தை இழந்தார்; நாட்டையே இழக்க நேர்ந்தவர் தவறு செய்யாத தொழிலாளி. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக இப்பணிக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. சென்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். கடன் இங்கே இருக்கிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 2020-இல் கத்தார் நாடு, முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021 மார்ச்சில் சவூதி அரேபியாவும், வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்திய குறையோடு, முடிச்சை ஓரளவு தளர்த்தியது. வளைகுடாவில் கஃபீலின் கயிறு தளரத் தொடங்கிய காலத்திலேயே, தேம்ஸ் நதிக்கரையில் அது முறுக்கேறியது.

விலகும் உரிமையே நாட்டின் மானம் என்று சொல்லி ஒரு நாடு விலகியது. அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. அவிழ்க்க முடியாத முடிச்சு அடிமைத்தனமே. ஆனால் நாட்டுக்குப் பொருந்தும் அந்த நியாயம், அந்த நாட்டு முதியோரைத் தூக்கி உட்கார வைக்கும் கைகளுக்கும் பொருந்த வேண்டும். உரிமைகளுக்கெல்லாம் தாயான உரிமை, வேண்டாத முதலாளியை விட்டு விலகும் உரிமை. அது இருந்தால் கூலியைக் கேட்கலாம், ஓய்வைக் கேட்கலாம், அவமதிப்பைத் தட்டிக் கேட்கலாம். அது இல்லையேல் மற்ற உரிமைகள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பத்திரங்கள்.

பராமரிப்பு விசா மூடினாலும் தரகர்கள் கடையை மூடுவதில்லை. நாளை வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆகவே நம் வீட்டுப் பெரியோருக்கு ஒரு சொல். பிள்ளையின் ஒப்பந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது, சம்பளத்தையும் தங்குமிடத்தையும் கேட்பதற்கு முன்னே ஒன்றைக் கேளுங்கள்: “இந்த முதலாளியை விட்டு என் பிள்ளை விலக நேர்ந்தால், எத்தனை நாள் அந்த நாட்டில் இருக்கலாம்? வேறு வேலைக்கு வழி உண்டா? அதுவரை கடனுக்கு யார் பொறுப்பு?” இதற்குத் தரகர் தெளிவாக விடை சொல்லும்வரை தோப்பை விற்காதீர்கள்.